நடுவில் ஒரே ஒரு ஆள்

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவனுக்கு வெளியில் எதிரி தேவையில்லை. என் வாய் எனக்குச் செய்த வேலையை, என்னைக் கண்டாலே ஆகாத பத்துப்பேர் சேர்ந்து திட்டம் போட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது. (பத்துப்பேர் என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.)

நடந்தது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு கோடையில். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் முழுதாக வாசித்து முடித்தது உருளைக்கிழங்கு வெட்டும் மெஷினில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை மட்டும்தான். அதுவும் விரல் வெட்டுப்பட்ட பிறகு.

இப்படிப்பட்டவனுக்கு டிலானி மேல் காதல். அவள் யூனிவர்சிட்டியில் கணக்கியல் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாட்டுக்குழுவில் பாடினாள். நானும் பாட்டுக்குழுவில் சேர்ந்தேன். (வாயை மட்டும்தான் அசைப்பேன். ஒருமுறை தவறிச் சத்தமும் வந்துவிட்டது. ஓர்கன் வாசித்தவர் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டார்.) அதிசயம் என்னவென்றால் அவளுக்கும் என்னைப் பிடித்துப்போனது. நான் அவளைச் சிரிக்க வைக்கிறேனாம். அவளுடைய வீட்டில் யாரும் சிரிப்பதில்லை என்பதை அப்போது நான் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்பாவோட வந்து கதையும்” என்றாள் ஒருநாள். “அவருக்கு ரெண்டு பைத்தியம். ஒண்டு ஆண்டவர். மற்றது பேஸ்போல். ஆண்டவரைப் பற்றி நீர் கதைச்சீரெண்டா உடன பிடிபட்டிடுவீர். பேஸ்போலைப் படியும்.”

“நான் ஒரு மட்சும் பாத்ததில்லையே.”

“பாக்கத் தேவையில்லை. ஆக்களைச் சேர்க்கிற விளையாட்டு ஒண்டு இருக்கு. வீட்டில ஒருத்தரும் அவரோட விளையாடுறேல்லை. அதில நீர் ஒருக்கா நிண்டு பிடிச்சீரெண்டாப் போதும், என்னைத் தூக்கித் தந்திடுவார்.”

எங்கள் மொன்றியலில் அப்போது ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அந்த வருஷத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போகப்போகிறது என்று பேச்சு. அந்த மைதானத்தை நான் மெட்ரோவில் இருந்துகூடப் பார்த்ததில்லை. (மெட்ரோ நிலத்துக்குக் கீழே ஓடுவது என்னுடைய குற்றமில்லை.)

விளையாட்டு இதுதான். இன்றைக்கு ஆடுகிற ஒருவனின் பெயரைச் சொல்வார்கள். கூடவே நாற்பது வருஷத்துக்கு முதல் ஆடிய ஒருவனின் பெயரையும் சொல்வார்கள். ஒருவன் பிறக்க முதலே மற்றவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு பேரையும் சேர்க்கவேண்டும். எப்படி? இன்றைய ஆள் பொடியனாக வந்த காலத்தில் அவனோடு ஒரே அணியில் ஒரு கிழவன் ஆடியிருப்பான். அந்தக் கிழவன் பொடியனாக இருந்தபோது அவனோடு இன்னொரு கிழவன். இப்படி ஒரே அணியில் ஆடியவர்களாகப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், பழைய ஆளைத் தொடவேண்டும். நடுவில் எவ்வளவு குறைந்த ஆளோ அவ்வளவு கெட்டிக்காரன்.

இதைச் சொல்லித் தர உலகத்திலேயே சரியான ஆள் எங்கள் குசினியில் இருந்தாள். ஜினெட். தலைமைச் சமையல்காரி, ஐம்பதைத் தாண்டிய கியூபெக்காரி. ரேடியோவில் மட்ச் ஓடுகிற அன்றைக்கு அவளுடைய சூப்பில் உப்பே இருக்காது, இல்லாவிட்டால் உப்பு மட்டும்தான் இருக்கும். அவளுடைய பிரெஞ்சில் பாதி எனக்கு விளங்காது. விளங்கியதை என் தமிழில் தருகிறேன்.

“உனக்கு ஏன் திடீரெண்டு பேஸ்போல்?”

“ஒரு பெட்டையைக் கட்டவேணும், ஜினெட்.”

“அப்ப வா. கரண்டியளை எடு.”

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தேக்கரண்டி. வரிசையாக மேசையில் அடுக்கிக்கொண்டே போகவேண்டும். கடைசி ஆளைத் தொட்டதும் ஜினெட் அந்தக் கரண்டியை எடுத்துச் சத்தமாக ஒரு முத்தம் கொடுப்பாள், தோற்றவனின் சேர்ட் பொக்கெற்றுக்குள் சொருகுவாள், பொக்கெற்றில் இரண்டு தட்டுத் தட்டி “மார்ப்!” என்று கத்துவாள். (ஓடி முடிக்கிறவன் வந்து மிதிக்கிற வெள்ளைத் தட்டுக்கு இங்கே அந்தப் பெயர்.) “இந்த முத்தம் என்ர சொந்தக் கண்டுபிடிப்பு. வேற எங்கையும் கிடையாது” என்று பெருமையாகச் சொல்வாள்.

வீரர்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் மீசை, பூசணிக்காய், மூக்கன் என்று நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். எல்லாரிலும் முக்கியமானவன் ஒரு இடதுகைப் பந்துக்காரன். ஒரு அணியும் அவனை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. அதனாலேயே அவன் எல்லாரோடும் ஆடியிருந்தான். எந்தப் பக்கம் போனாலும் அவனில் ஏறி இறங்கலாம். அவனுக்கு ‘பஸ்’ என்று பெயர் வைத்தேன்.

“ஏன் ஜினெட் இவனை ஒருத்தரும் வச்சிருக்கேல்லை?”

“எல்லாருக்கும் தேவைப்பட்டவன். ஒருத்தருக்கும் வேண்டாதவன்.”

(நானும் அதுவரை ஒன்பது குசினி மாறியிருந்தேன். பஸ்ஸை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.)

ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “உனக்கு முதலும் ஒரு தமிழனுக்குச் சொல்லிக் குடுத்தனான். லாசாலில என்ர வீட்டில மூண்டு குளிர்காலம் இருந்தவன். பேந்து ஊரில இருந்து அவனுக்குப் பொம்பிளை வந்தது. போயிட்டான்.”

“கவலையோ?”

“வெங்காயத்தை உரி.”

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் ஏதாவது யோசித்திருப்பான். நான் வெங்காயத்தை உரித்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருந்த டிலானி வீட்டுக்குப் போனேன். புதுச் சேர்ட், கையில் கேக் பெட்டி. மூன்றுதரம் குளித்தும் போகாத வெங்காய மணம். என் பக்கத்துக்குக் கதைக்கப் பெரியவர்கள் என்று இந்த நாட்டில் யாரும் இல்லை. எனக்கு நானே மாமா, நானே சித்தப்பா.

வீட்டில் டிலானியின் அப்பா செபஸ்ரியன் அங்கிள், அன்ரி, அவர்களோடு ரொறொன்ரோவில் இருந்து வந்திருந்த பெரியம்மா. அன்ரியின் மூத்த அக்கா. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

“தம்பி மன்னாரில எவடம்?”

சொன்னேன்.

“கோவிலுக்கு எந்தப் பக்கம்? கடற்கரைப் பக்கமோ, றோட்டுப் பக்கமோ?”

சொன்னேன்.

“ஓ… கடற்கரைப் பக்கம்.” அந்த ‘ஓ’வுக்குள் என் பரம்பரை முழுவதும் மூழ்கிப்போனது. “அம்மா ஆரின்ர மகள்?”

ஆட்களைச் சேர்க்கிற விளையாட்டு எங்கள் சனத்துக்குப் புதிதே இல்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மருமகன் என்று பிடித்துப் பிடித்துப் போய் ஆளைத் தொட்டுவிடுவார்கள். தொட்டவுடன் வெட்டிவிடுவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அன்ரி நல்லவர். தேத்தண்ணி தந்தார். “இவரும் தம்பி மாதிரித்தான், தனியத்தான் வந்தவர்” என்றார். “நான் வரும் வரைக்கும் மூண்டு வருசம் பங்குச் சாமியாற்ற அறையில இருந்து கஷ்டப்பட்டவர். பேஸ்போலும் அந்தச் சாமியார்தான் பழக்கினது. பிரெஞ்சுச் சாமியார், தங்கமான மனிசன்.”

அங்கிள் “ம்” என்றார். சீனி போடாத தேத்தண்ணியை வெகுநேரம் கலக்கினார்.

டிலானி குசினி வாசலில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் தொண்டையைச் செருமினேன். “அங்கிள், எங்கட ரீம் போகப்போகுதாமே?”

அந்த மனிதனின் முகத்தில் லைற் எரிந்ததை நான் பார்த்தேன். “உமக்கு பேஸ்போல் தெரியுமோ?”

“கொஞ்சம் தெரியும் அங்கிள். ஆக்களைச் சேர்ப்பன்.”

“சேர்ப்பீரோ!” கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் வந்திருந்தார். “பிள்ளை, கரண்டியளைக் கொண்டா!”

எல்லாரும் கரண்டி வைத்துத்தான் விளையாடுவார்களாக்கும் என்று நினைத்தேன். அவர் இரண்டு பெயர் சொன்னார். புதியவன் ஒருவன், பழையவன் ஒருவன். புதியவனில் இருந்து மீசை, மீசையில் இருந்து பஸ், பஸ்ஸில் இருந்து பூசணிக்காய், பூசணிக்காயில் இருந்து மூக்கன், மூக்கனில் இருந்து பழையவன். நடுவில் நாலு பேர். (உண்மையான பெயர்களைத்தான் சொன்னேன். ஜினெட் அடித்துப் பழக்கியிருந்தாள்.) அங்கிள் கைதட்டினார். அன்ரி சிரித்தார். பெரியம்மாகூடக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளினார். டிலானி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எழும்பி, “நேரமாச்சு, வாறன்” என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் புரோசார்ட் மாப்பிள்ளை.

“கெட்டிக்காரன்! ஆனா நான் மூண்டு பேரில சேர்ப்பன், பாரும்” என்றார் அங்கிள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி. பிறகு கடைசி ஆள். வருஷக்கணக்காக விளையாட ஆளில்லாமல் இருந்த மனிதன், சந்தோஷத்தில் தன்னை மறந்தார். கடைசிக் கரண்டியை எடுத்தார். சத்தமாக முத்தம் கொடுத்தார். என் பொக்கெற்றுக்குள் சொருகினார். இரண்டு தட்டுத் தட்டினார்.

“மார்ப்!”

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஊர் பேர் தெரியாத நாட்டில் சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி. வாய் திறந்தது.

“அங்கிள்! அப்ப உங்கட சாமியாரும் ஜினெட்டிட்டைத்தான் படிச்சிருக்கிறார்!”

அங்கிளின் கை என் பொக்கெற்றில் இருந்தபடியே நின்றது.

“ஆர் தம்பி ஜினெட்?” என்றார் பெரியம்மா.

“எங்கட கடைச் சமையல்காரி. இந்த முத்தம் அவவின்ர கண்டுபிடிப்பு. உலகத்தில வேற ஒருத்தரும் செய்யமாட்டினம். அங்கிளும் நானும் ஒரே ரீம்! சாமியாரைக் கழிச்சா நடுவில ஒரே ஒரு ஆள்தான்!”

“எந்தச் சாமியார் கரண்டியைக் கொஞ்சுறவர்?” என்று பெரியம்மா அங்கிளைப் பார்த்துக் கேட்டார்.

“சாமியாரா இருக்காது” என்று நான் உதவிக்குப் போனேன். (அங்கிள் திணறுகிறார், நான் காப்பாற்றுகிறேனாம்.) “அவ ஒரு தமிழனுக்குத்தான் பழக்கினவ. லாசாலில அவவின்ர வீட்டிலயே மூண்டு குளிர்காலம் இருந்தவனாம். பேந்து ஊரில இருந்து பொம்பிளை வந்ததாம்…”

‘பொம்பிளை வந்ததாம்’ என்ற இடத்தில்தான் மூளை ஓடி வந்து சேர்ந்தது. அதற்குள் வாய் வேலையை முடித்துவிட்டது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அன்ரி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினார். நான் பாதிதான் குடித்திருந்தேன், அதையும் எடுத்தார். டிலானி என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த மூன்று கரண்டிகளையும் ஒன்றோடொன்று நேராக்கினார்.

“தம்பிக்கு இப்ப பஸ் இருக்கோ?” என்று கேட்டார்.

இருந்தது. பாலத்தைத் தாண்டும்போதுதான் பார்த்தேன், பொக்கெற்றில் கரண்டி.

ஒரு கிழமை கழித்து டிலானி போன் எடுத்தாள்.

“அம்மா அப்பாவோட கதைக்கத் தொடங்கிட்டா” என்றாள்.

“நல்லது. அப்ப நான்…”

“உம்மோடதான் கதைக்கக் கூடாதாம்.”

“நான் என்ன செய்தனான்? அந்த மூண்டு வருசத்தைப் பற்றிப் பொய் சொன்னது நானே?”

“அப்பாவை விடேலாது. கோவில், சனம், எல்லாம் இருக்கு. உம்மை விடலாம்” என்றாள். பிறகு, “உம்மட வாயாலதான் எனக்கு உம்மைப் பிடிச்சது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜினெட்டிடம் சொன்னேன். அகப்பையால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“கரண்டிக்கு முத்தம் குடுத்தவனோ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம்.”

ரேடியோவை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அந்தக் குசினியில் யாரும் ஆட்களைச் சேர்த்து விளையாடவில்லை. இலையுதிர்காலத்தில் அணியும் ஊரை விட்டுப் போனது. நான் பத்தாவது குசினிக்குப் போனேன்.

டிலானிக்கு ரொறொன்ரோவில் ஒரு என்ஜினியர் மாப்பிள்ளை. பெரியம்மா பார்த்துக் கொடுத்தது. அதிகம் வாய் திறக்காத நல்ல பிள்ளை. கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் சனம் சின்னச் சனம். சில வருஷங்களுக்குப் பிறகு என்னைக் கட்டச் சம்மதித்த ஒரே பெண், அந்த என்ஜினியரின் ஒன்றுவிட்ட தங்கச்சி. நிச்சயம் முடிந்த பிறகுதான் இது எனக்கே தெரிய வந்தது. ஆகவே குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதென்றாலும் நானும் செபஸ்ரியன் அங்கிளும் ஒரே மண்டபத்தில். ஒருமுறை ஐஸ்கிறீம் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னோடு பேசிய ஒரே தடவை அது.

“இப்ப நடுவில மூண்டு பேர்” என்றார் மெதுவாக.

நான் எண்ணிப் பார்த்தேன். என் மனைவி, அவளுடைய அண்ணன், டிலானி. சரிதான்.

“முந்தி ஒராள்தானே அங்கிள்.”

அவர் ஐஸ்கிறீம் எடுக்காமலே போய்விட்டார்.

ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் பெரியம்மா அந்தக் கதையைச் சொல்லுவார். சாமியாரும் ஜினெட்டும் அதில் வரமாட்டார்கள். அவர்களைப் பெரியம்மா எப்போதோ கழுவித் துடைத்துவிட்டார். மிஞ்சியிருப்பது நான்தான். “பெட்டையை எடுக்க வந்தவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போனவர்!” மண்டபம் சிரிக்கும். டிலானியின் பிள்ளைகள் என்னை ‘கரண்டி மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மேசைக்கு வந்தால் கரண்டிகளை ஒளித்து வைப்பார்கள். அவர்களுடைய அம்மாவும் சிரிப்பாள். நான்தானே சிரிக்க வைக்கிற ஆள்.

கரண்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி அதில்தான் எனக்குத் தேத்தண்ணி கலக்குகிறாள். சீனி கேட்டால், “அதுதான் சீதனக் கரண்டி இருக்கே, அதை நக்குங்கோ” என்கிறாள்.