நரம்பரின் கையில் ஏறிய ஹோன்

இலுப்பைக்கடவைக்கும் மன்னார்ப் பட்டினத்துக்கும் இடையில் நரம்பரிடம் ஏச்சு வாங்காத உயிர் ஒன்று இருந்ததென்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். மாட்டு வண்டிக்காரர், சைக்கிள்காரர், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியின் ஓரக் கல்லில் நிற்கும் கொக்கு, ஒருமுறை ஏஜண்டுத் துரையின் மோட்டார்க் கார், எல்லாமே அவருடைய வாயில் விழுந்து எழும்பியவைதான். கழுதைகளிடம் மட்டும் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. கழுதையைப் பார்த்துக் கழுதை என்றால் அது எப்படி ஏச்சாகும்? யோசித்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“எடேய் கச்சேரிக் கிளாக்கு! விடிஞ்சு எவ்வளவு நேரம், இன்னும் அசையாமல் நிக்கிறியே! தள்ளடா அங்காலை!”

பின் ஆசனத்தில் குடையோடு, மன்னார் அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த உண்மையான கிளாக்கர் ஒருவர் அந்த இடத்திலேயே இறங்கி நடந்து போனார். கழுதை நகரவில்லை.

நரம்பர் எங்கள் பஸ் டிரைவர். எங்கள் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரு பஸ்தான். தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசி வரையில் தெரியாது. வலது நெற்றிப் பொட்டில் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு நரம்பு; அதனால் நரம்பர். மனிதர் அமைதியாக இருக்கும்போது அது மண்புழு போலப் படுத்திருக்கும். கோபம் வந்தால் வள்ளக் கயிறாக முறுக்கேறும். பொழுதுபோகாத சனம் வேண்டுமென்றே அதைக் கிளப்பிவிடும்.

“அண்ணை, யாழ்ப்பாணத்து டிரைவர்மார் இந்தத் தூரத்தை அரைவாசி நேரத்திலை ஓடுவினமாம், மெய்யோ?” என்று கொண்டக்டர் காசீம் மெல்லக் கொளுத்திப் போடுவான்.

அவ்வளவுதான். பாப்பாமோட்டையில் தொடங்கினால் தாம்போதி வரைக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடக்கும். கண்ணாடியில் அந்த நரம்பு புடைப்பதைப் பார்த்துப் பின்னாலிருப்பவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிதனின் தலைக்குள் ஏதோ கொதிக்கிறது. இவர்கள் டிக்கட் எடுத்துக் கூத்துப் பார்க்கிறார்கள்!

எனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நான் மன்னாரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீடு பாப்பாமோட்டையில். என் ஒரே மகள் பரிமளமும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். பின் ஆசனத்தில் இருத்தினால் வாந்தி எடுப்பாள். ஆகவே அவளுடைய இடம் எப்போதும் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். அந்தத் தலைக்குள் எது வெடித்தாலும் முதலில் அகப்படப் போவது என் பிள்ளை. பெற்றவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்குமா?

ஒரு நாள் காலை மாட்டுக்காரன் ஒருவனை ஏசிக்கொண்டிருக்கும்போது நரம்பரின் மூக்கிலிருந்து குபுகுபுவென்று இரத்தம் வந்தது. மனிதர் பஸ்ஸை நிறுத்தவில்லை. யன்னல் சீலையில் ஒரு துண்டைக் கிழித்து மூக்கில் அடைத்துக்கொண்டு, அந்த அடைத்த குரலிலேயே மிச்ச ஏச்சையும் ஏசி முடித்தார். பட்டினம் வந்ததும் நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டாக்குத்தருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரி கண்டிப்பான மனிதர். அவரிடம் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. மூடியைத் திறந்தால் பாதரசக் குழாய்; கையில் சுற்றுவதற்கு ஒரு சீலைப்பட்டை; பட்டைக்குள் காற்று ஏற்ற ஒரு ரப்பர்ப் பந்து. பந்தை அமுக்க அமுக்கப் பாதரசம் ஏறியது. கூடவே அப்போதிக்கரியின் புருவமும் ஏறியது.

“எட மனுசா, இவ்வளவு இரத்த அழுத்தத்தோடை நீர் எப்பிடி நடந்து திரியுறீர்?”

“நடக்கிறேல்லை ஐயா. பஸ்ஸிலைதான் திரியுறனான்.”

அப்போதிக்கரி சிரிக்கவில்லை. “இதை இப்பிடியே விட்டா வருசக்கணக்கிலை உள்ளுக்குள்ளை இருந்து அரிக்கும். கண் மங்கும். இருதயம் பெருத்துக் களைக்கும். குண்டிக்காய் பழுதாகி மூத்திரம் பிரியாமல் கால் வீங்கும். கடைசியிலை மூளையிலை நரம்பு வெடிச்சு ஒரு பக்கம் விழுந்துபோம். உப்பைக் குறையும். கருவாட்டை விடும். சுருட்டை விடும். கோபத்தையும் விடும்.”

“நோகுதோ எண்டு கேக்க மறந்திட்டியள் ஐயா.”

“நோகாது. அதுதான் இதின்ரை கள்ளத்தனம்.”

“நோகாத வருத்தம் என்ன வருத்தம்? நோகாததுக்கு மருந்து குடிக்க எனக்கென்ன விசரோ?”

“மூக்காலை ரத்தம் வந்ததெல்லோ!” என்று நான் கத்தினேன்.

“அது சூடு ரீச்சர். போனது நல்லது.”

மறுநாள் மத்தியானம் பஸ் படியில் குந்தியிருந்து, கட்டாக் கருவாடும் ஊறுகாயுமாக, ஒரு பானைச் சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். வெட்கமே இல்லை.

“கருவாட்டை விட்டவன் பிறகு என்னத்துக்கு ரீச்சர் மன்னாரிலை இருக்கிறது? கண்டிக்குப் போகலாம்.”

அவருக்கு அந்த வைத்தியத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று: கையை இறுக்கிய பட்டை. இறுக்கிவிட்டுத் தளர்த்தியபோது உடம்பெல்லாம் பஞ்சாகிவிட்டதாம். கெட்ட இரத்தத்தைப் பிழிந்து எடுக்கிற வெள்ளைக்காரச் சூட்சுமம் அது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சனமும் நம்பியது. முழங்கால் நோக்காடு, சளி, பிள்ளையில்லாக் குறை, எல்லாவற்றுக்கும் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். கிழமைக்கொருதரம் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிற்கும், “கை இறுக்கிற ஆக்கள் எல்லாரும் இறங்குங்கோ!” என்று காசீம் கூவுவான்.

அப்போதிக்கரி வாசலுக்கே வந்துவிட்டார். “மடைச் சனங்களே, இது மருந்தில்லை! இது அளவு! தராசிலை ஏறி நிண்டா மெலிஞ்சுபோவியளோ?”

கத்திய கத்தில் அவருடைய நெற்றியிலும் ஒரு நரம்பு எழும்பியது. நரம்பர் அதை இரக்கத்தோடு பார்த்தார். “ஐயா, நீங்களும் ஒருக்காக் கட்டி இறுக்கிப் பாருங்கோ. நல்ல சுகம்.”

அன்றோடு அவரை ஆஸ்பத்திரி வளவுக்குள் விடவில்லை. நரம்பரா அடங்குகிற ஆள்? அடுத்த திங்கட்கிழமை பஸ் எங்கள் சந்திக்கு ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றது. ஹோன் அடிக்காமல் அந்த பஸ் வந்ததே கிடையாது. எட்டிப் பார்த்தேன். பழைய சைக்கிள் டியூப் ஒன்று அவருடைய கையில் சுற்றியிருந்தது. அதன் நுனியில் எங்கள் பஸ் ஹோனின் ரப்பர்ப் பந்து! ஒவ்வொரு தரிப்பிலும் அதை நாலு அமுக்கு அமுக்கிக்கொண்டார். டியூப்புக்குள் காற்று ஏறியதோ இல்லையோ, அவருடைய முகத்தில் ஒரு தெளிவு ஏறியது.

“அப்ப ஹோனுக்கு என்ன செய்யிறது?” என்றேன்.

“பிள்ளையள் இருக்குதுகளெல்லோ.”

அன்றிலிருந்து அந்த பஸ்ஸுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் ஹோன். வளைவு வந்தால் எல்லாமாகச் சேர்ந்து “பாம்! பாம்!” என்று கத்தும். எல்லாவற்றிலும் பெரிய குரல் முன் ஆசனத்திலிருந்து வந்தது. அது என் மகள். வகுப்பில் நான் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் குரல் எழும்பாத பிள்ளை!

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்போதிக்கரி சொன்னதெல்லாம் வருடத்துக்கு வருடம், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த மனிதரிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. காலையில் பிடரி இடிக்கிறதென்று தலையைச் சுற்றித் துவாயை இறுக்கிக் கட்டினார். கால் வீங்கியது, சப்பாத்தின் முன்பக்கத்தை வெட்டிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கதிரையில் இருந்தபடியே உறங்குவதாகக் காசீம் சொன்னான். பிறகு ஒரு நாள், முன் கண்ணாடியில் கறுப்புப் பூச்சி ஒட்டியிருக்கிறது, துடை என்று அவனை ஏசினார். துடைத்தான். மறுபடியும் ஏசினார். பூச்சி கண்ணாடியில் இல்லை, அவருடைய கண்ணுக்குள் இருந்தது.

பஸ் முதலாளியிடம் போனேன். “நரம்பர் இல்லாட்டி உந்தப் பழைய பஸ் ஆரின்ரை சொல்லுக் கேக்கும் ரீச்சர்?” என்று சிரித்தார். அதிகாரிகளிடம் முறையிடலாமா என்று அப்போதிக்கரியைக் கேட்டேன். “லைசென்ஸ் குடுக்கேக்கை கையும் காலும் இருக்கோ எண்டுதான் பாக்கிறவை. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்கிறேல்லை,” என்றார். வெள்ளைக்காரர் சாம்ராச்சியம் நடத்துகிறார்களாம்! மீன் வலைக்கும் சாராயத் தவறணைக்கும் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கு நடுவே ஓடுகிற மனிதனின் கண்ணுக்கு ஒரு சட்டம் இல்லை.

பரிமளத்தைப் பின்னுக்கு இருத்தினேன். என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். திரும்பவும் முன்னுக்குப் போனாள்.

அன்று தாம்போதியில் நல்ல காற்று. இரண்டு பக்கமும் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. நடுவழியில் ஒரு கழுதை. “எடேய் கச்சேரிக்...” என்று தொடங்கினார்.

அதோடு நின்றுவிட்டது.

நரம்பர் ஒரு ஏச்சை அரைவாசியில் விட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் முந்தி எழும்பியவள் நான்தான். அவருடைய வலது கை ஸ்டியரிங் வளையத்திலிருந்து வழுக்கி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பஸ் ஓரத்துக் கல்லை நோக்கிச் சரிந்தது. பரிமளம் வீரிட்டாள். அப்போது அந்த மனிதர், பாதி உடம்பு செத்துப்போன நிலையில், இடது கையால் முதலில் பிடித்தது பிரேக்கை அல்ல. என் பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கொடுத்து அவளை ஆசனத்தோடு சேர்த்து அமுக்கினார். பிறகுதான் அந்தக் கை கைப்பிரேக்குக்குப் போனது. முன் சில்லு கல்லில் முட்டி நின்றது. கீழே தண்ணீர்.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நரம்பரை ஏசினேன். “சொன்னனே! எத்தினை தரம் சொன்னன்! கருவாடு! கருவாடு!” என்று பைத்தியக்காரி போலக் கத்தினேன். வாழ்நாளில் முதல் முறையாக அவர் ஒரு ஏச்சுக்குத் திருப்பி ஏசவில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் வடிந்தது.

உயிர் தப்பியது. பேச்சு வரவில்லை, வலது பக்கம் எழும்பவில்லை. தங்கை வீட்டில் கட்டிலில் கிடந்தார். அவரைக் கொளுத்திவிட்டுச் சிரித்த காசீம்தான் ஒரு நாள் அழுதுகொண்டு வந்து, பழைய ஹோனை முழுதாகப் பூட்டி அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டான். ஒருதரம் அமுக்கினால் ஓம். இரண்டு தரம் அமுக்கினால் இல்லை. பஸ் கடந்துபோகும்போது விடாமல் அமுக்கினால் அது ஏச்சு. புது டிரைவருக்கு நன்றாக விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உப்பில்லாக் கஞ்சி கொண்டுபோவேன்.

“நல்லாயிருக்கோ?”

பாம், பாம்.

“இனியாவது கருவாட்டை மறந்தீரோ?”

பாம், பாம்.

பரிமளம் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவருடைய வாயின் ஒரு பாதியும் சிரிக்கும். அந்த மாரி முடியுமுன் நெஞ்சில் நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தார். அவருடைய தங்கை அந்த ஹோனைப் பரிமளத்திடம் கொடுத்துவிட்டார்.

இப்போது பரிமளம் பெரிய வகுப்பு. போன மாதம் அவள் கரைச்சல் படுத்தி என்னை அதே அப்போதிக்கரியிடம் கூட்டிக்கொண்டு போனாள். பட்டை கட்டினார். பாதரசம் ஏறியது. புருவம் ஏறியது. எனக்கு எங்கும் நோகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்; பரிமளத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

இரவில் அவள் கஞ்சிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, “அம்மா, நல்லாயிருக்கோ?” என்று கேட்கிறாள். நான் எழுந்துபோய், யன்னலில் கட்டியிருக்கும் ஹோனை இரண்டு தரம் அமுக்குகிறேன். பிறகு திரும்பி வந்து இருந்து, நரம்பருக்கும் சேர்த்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறேன்.