கண்ணாடிக்கடைக்காரர் வளர்த்த மாமரம்

"இந்தத் தேன்குடம் மாங்கன்றை என் கையால காய்க்க வைக்கலேன்னா, இனி இந்த வீட்ல நான் வாயே திறக்க மாட்டேன்!" என்று மச்சினன் முன்னால் சபதம் போட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"நிஜமாவா?" என்றாள் மனைவி. குரலில் அப்படியொரு ஆசை.

தேன்குடம் ஒரே ஒரு மலையடிவாரத்தில் விளையும் ரகம். ஒரு பழம் அறுத்தால் தெருவே மூக்கை நீட்டும். நாற்றுப் பண்ணைக்காரர் அதைக் காட்டு மாஞ்செடியில் ஒட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்யும் நம்மவர் கன்றை உற்றுப் பார்த்தார். மேலே நோஞ்சானாக ஒரு தளிர். அடியிலிருந்து தளதளவென்று ஒரு கிளை. நோஞ்சானை ஒரே வெட்டு! கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு, கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் கிளம்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால், கன்றில் ஒரு கட்டு.

"என்னடி இது?"

"ஆடு கடிச்சிடுச்சுங்க. கட்டுப் போட்டிருக்கேன், அவுத்துடாதீங்க."

"ஒரு செடியைப் பாத்துக்கத் துப்பில்ல!"

"எனக்கெங்க அதெல்லாம் தெரியும்? நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார். தாகம் எடுத்தால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கும் மனிதர், தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். நாலு வருஷம்! தொப்பை போய் இடுப்பு வந்தது.

மரம் காய்த்தது. மச்சினனையும் பண்ணைக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழம் அறுத்தார். மச்சினன் கொட்டையைக் கீழே வைக்க மறுத்துவிட்டான்.

"ரகசியம் ஒண்ணுதான் மாப்ளே. வந்த வாரமே மேல இருந்த சோப்ளாங்கித் தளிரை வெட்டி எறிஞ்சேன்!"

பண்ணைக்காரருக்குப் புரையேறியது.

"ஐயோ சார், அதுதான் தேன்குடம்! நீங்க விட்டுவச்சது காட்டு மாங்கா. அம்மாதான் அந்தத் தளிரை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. நான் வந்து திரும்ப ஒட்டுக் கட்டினேன். ஆடு கடிச்சிடுச்சுன்னாங்க. எந்த ஆடுன்னு இப்பதான் தெரியுது."

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் யோசித்தார். இவள் சும்மா இருந்திருந்தாலே போதும். புளிச்ச மாங்காய் காய்த்திருக்கும், ஆயுசுக்கும் அவர் வாய் மூடியிருக்கும். அப்பேர்ப்பட்ட நிம்மதியை விட்டுக்கொடுத்துப் புருஷன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாளே! மனசு நிறைந்து, கண் கலங்கிவிட்டது. நல்ல கதுப்பாகப் பார்த்து ஒரு துண்டை அவள் கையில் வைத்தார்.

"நீ இல்லேன்னா என் மானம் கப்பலேறியிருக்கும். ஏம்மா, நாலு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

அவள் நிதானமாகத் தின்று முடித்தாள்.

"சொல்லியிருந்தா, தண்ணி யாருங்க ஊத்தியிருப்பா?"