ஒரே டையில் ஒரு பனைமரம்

சீத்தாப்பழத்தைப் பார்த்தால் வாயில் எச்சிலுக்குப் பதில் பிரசங்கம் ஊறும் மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றின் கட்டிங் செக்‌ஷனில் அவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் சீத்தாப்பழம் அண்ணன்.

ஏலகிரியிலிருந்து கூடை இறங்கும் பருவத்தில் தினமும் கையில் ஒரு பழத்தோடு மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவார். தின்ன மாட்டார், யாரையும் தின்ன விடவும் மாட்டார். "இத்தப் பாரு. ஒரே துண்டுதான், திரும்பத் திரும்ப. ஆண்டவன் ஒரே டை வச்சுதான் ஒலகத்தையே வெட்டிக்கிறான்" என்பார். டை என்பது தோலை வெட்டுகிற இரும்பு அச்சு. மீன் செதில், பலாப்பழம், தேன்கூடு எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

டெஸ்பாட்ச் குமாஸ்தாவான எனக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் சனி. என் டப்பாவில் காலிஃபிளவர் இருந்தால் தொலைந்தேன். பெரிய பூவுக்குள் சின்னப் பூ, அதற்குள் இன்னும் சின்னப் பூ என்று அவர் பிய்த்துக் காட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் காலிஃபிளவருக்கே தடை போட்டேன்.

ஒருமுறை வெளிநாட்டு வியாபாரி வருவதாகச் சேதி வந்தது. முன்ஹாலில் பிளாஸ்டிக் பூவுக்குப் பதில் வேறு ஏதாவது வேண்டும் என்று மேனேஜர் சொல்லி வாய் மூடுவதற்குள் அண்ணன் போய் நின்றார். கழிவுத் தோலில், சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை ஒரு பனைமரம். நூல் கிடையாது, பசை கிடையாது. எல்லாம் ஒரே மாதிரித் துண்டுகள், ஒன்றின் நாக்கு இன்னொன்றின் கீறலில் நுழையும். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆனால் சொதப்பினால் பச்சைத்தோல் குடோனுக்கு மாற்றம் என்றார். அந்த நாற்றத்தில் வேலை செய்கிறவர் பக்கத்தில் பஸ்ஸில் ஈகூட உட்காராது. பிரசங்கம் கேட்க ஆளில்லாமல் அண்ணன் செத்தே போவார்.

வியாபாரி வரும் நாள் காலையில் கோக்க ஆரம்பித்தார். முழங்கால் உயரம் வரை பனைமரம் கம்பீரமாகத்தான் போனது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் கோத்தார், இன்னும் வளைந்து, தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தது. மதியத்துக்குள் சுவரில் பிரம்மாண்டமான நத்தை ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

அவர் எடுத்தது ஷூவின் பக்கத் துண்டு. அது லேசாக வளைந்திருக்கும். இடது காலுக்கு ஒரு டை, வலது காலுக்கு ஒரு டை. ஆண்டவனே ஒரு டையில் வேலையை முடித்தபோது தனக்கெதற்கு இரண்டு என்று அண்ணன் அத்தனையையும் இடது டையிலேயே வெட்டியிருந்தார். ஷூ கம்பெனியில் டீ ஊற்றுகிற அம்மாவுக்குக்கூடக் கால் இரண்டு என்று தெரியும்.

மேனேஜர் வந்து பார்த்தார். "நாளைலேர்ந்து குடோனுக்குப் போய்டு" என்றார். வியாபாரியின் கார் இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் வாய் திறக்காமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் டப்பாவைத் திறக்கவில்லை. தோல் வெட்டும் பிரஸ்ஸை ஓட்டும் சலீம் பாய் வலது டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாத்துக்குண்ணா பேஜார் ஆவுற? நீ கோத்துக்கினே இரு, நான் வெட்டித் தர்றேன்" என்றார். இத்தனை நாள் அண்ணனின் பிரசங்கத்தால் பட்டினி கிடந்த கூட்டம், அன்று அவருக்காகப் பட்டினி கிடந்தது. நத்தையின் சுருளைக் கழற்றி வலது துண்டுகளைச் செருகினோம். இந்தப் பக்கம் வளைந்தது அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி இடது, மறுபடி வலது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஹாரன் கேட்டபோது உச்சி கூரையைத் தொட்டிருந்தது.

மேனேஜர் அண்ணாந்து பார்த்து, "பனைமரம்னு சொன்னியேய்யா?" என்றார்.

"கொடி சார் இது. பனைதான் ரோடெல்லாம் நிக்குதே" என்றார் அண்ணன். குரல் திரும்ப வந்துவிட்டது.

வியாபாரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நேரே போய்விட்டார். மேனேஜர்தான் அவர் பின்னால் போகவும் மறந்து அண்ணாந்தபடியே நின்றார். குடோன் பேச்சு அதோடு போயிற்று.

ஸ்டூலிலிருந்து இறங்கிய அண்ணன் என் காதருகே வந்து, "ஆண்டவன்கிட்ட ரெண்டு டை இருந்துக்குதுப்பா. இத்தன நாளா தப்பா சொல்லிட்டேன்" என்றார். இனி பிரசங்கம் இரண்டு மடங்கு என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் வீட்டில் நானே கேட்டுக் காலிஃபிளவர் வாங்கிக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.