ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

மலேசியாவில் சிடாம் கிரிக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. சம்பள முறையைத் திருத்துவதைவிட மழையைத் திருத்துவது எளிது என்று கம்பெனி முடிவு செய்தது. 1979இல் காலநிலைக் கணிப்பு அதிகாரி பரஞ்சோதி வந்து இறங்கினார். பல வருஷத்து மழைக்கணக்கை அலை அலையாகப் பிரித்து, எந்த அலை திரும்பத் திரும்ப வருகிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்டு வந்திருந்தார்.

வாரம் ஒரு முறை வரும் அலைதான் ஓங்கி நின்றதாம். ஞாயிறு ஒரு சொட்டு இல்லை. திங்கள் இரட்டிப்பு மழை. ஆகவே மேன்மை தங்கிய நிர்வாகம் ஞாயிறை வேலை நாளாகவும் திங்களை ஓய்வு நாளாகவும் பிரகடனம் செய்தது. எங்களுக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் கம்ப்யூட்டரோடு யார் வாயாடுவது?

பால்வெட்டும் லூர்து மேரிக்குத்தான் தலையில் இடி. மகள் அக்னஸின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுங்கைப் பட்டாணி ஃபேக்டரி ஆட்கள்; அவர்களுக்கு அன்றுதான் லீவு. மழை அளந்து கணக்கெழுதும் கிராணி வால்டரை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

வால்டர் தலையைச் சொறிந்தார். "ஐயா, ஞாயித்துக்கிழமை நான் மழை டின்ன பாக்குறதில்ல. பூசைக்குப் போயிடுவேன். திங்க வந்து ரெண்டு நாளு தண்ணியையும் ஒண்ணா அளந்து எழுதுவேன்."

"மழை இல்லாததால்தானே பூசைக்குப் போக முடிந்தது?" என்றார் பரஞ்சோதி. "கணக்கோடு ஒத்துப்போகிறது."

"நனஞ்சுகிட்டும் போயிருக்கேன் ஐயா."

"அது கணக்கில் இல்லை."

வெளியே வந்ததும் லூர்து மேரி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, இனி சனிக்கிழமை அந்த டின் பக்கமே போவாதீங்க. ஞாயித்துக்கிழமை சேத்து அளங்க. திங்க லீவுன்னாலும் வந்து பாத்துருங்க லா."

அடுத்த காலாண்டுக் கணிப்பில் மழை அடக்கமாக இடம் மாறியிருந்தது: சனி வறட்சி, ஞாயிறு கனமழை. பரஞ்சோதி இதற்குப் 'பருவநிலைப் பெயர்ச்சி' என்று பெயர் சூட்டினார். ஞாயிறு மறுபடி ஓய்வு நாளானது. தோட்டமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கல்யாணத்தன்று தாலி ஏறிய கையோடு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பந்தல் சரிந்தது, பிரியாணி கஞ்சியானது. அழைப்பை மதித்து வந்திருந்த பரஞ்சோதி மட்டும், தொப்பலாக நனைந்தபடி, மலர்ந்த முகத்தோடு எல்லோருக்கும் கைகொடுத்தார்.

லூர்து மேரி முந்தானையைப் பிழிந்துகொண்டே வால்டரிடம் வந்தாள். "ஏன்ணே, ஞாயித்துக்கிழமைக்கு இவ்ளோ மழையா எழுதறது? கொஞ்சம் கொறச்சு எழுதியிருக்கக் கூடாதா?"

வால்டர் குற்றவாளியாகத் தலைகுனிந்தார். "சனிக்கிழமை தண்ணியும் சேந்துருச்சும்மா."