ரத்தக்காட்டேரியும் என் உப்பு முடிச்சும்

வயசான பொம்பளைக்கு எந்தப் படம் பிடிக்க வேண்டும் என்று ஊரே கூடி முடிவு செய்து வைத்திருக்கிறது. சாமி படம். அதை விட்டால் சீரியல். அந்த சீரியலில் மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலப்பாள், நாத்தனார் ஆள் வைத்து லாரி ஏற்றுவாள். அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாமாம். நல்லவள் ஒருத்தி கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, ரத்தக்காட்டேரிகளை வரிசையாக வெட்டிச் சாய்த்தால் மட்டும், "இந்த வயசுல இதையெல்லாமா பாப்பாங்க?" என்று கேட்கிறார்கள். (வேற எந்த வயசுல பாக்கிறது? தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்துல எனக்கு யாரு டிவி போட்டுக் குடுத்தா?)

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் மத்தியானம் ஆள் இருக்காது. மகன் செல்வம் ஜீப்பில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். அந்த நேரத்தில் ஒரு சேனலில் இங்கிலீஷ் படங்களைத் தமிழ் பேசவைத்துப் போடுவார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஜீப் சத்தம் கேட்டதும் சீரியலுக்கு மாற்றிவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன.

எனக்கு அந்தப் படங்கள் ஏன் பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சீரியலில் கெட்டவள் வருஷக்கணக்கில் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு திரிவாள். இதில் ரெண்டு மணி நேரத்துக்குள் சாம்பலாகிவிடுவாள். தவிரவும், கங்காணி ஒரு அதட்டு அதட்டினால் தேயிலைச் செடிக்குள் தலையை விட்டுக்கொண்ட ஆள் நான். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரி யாருக்கும் தலை குனிவதில்லை. ரத்தம் குடிக்க வந்தால் வெட்டுவாள், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

ஒரே ஒரு குறை உண்டு. படத்தில் ஒருவருக்கும் புத்தி கிடையாது. கழுத்தைக் கவ்விக்கொண்ட காட்டேரியைக் கையால் பிடித்து இழுக்கிறார்கள்! அட்டை கடித்தால் இழுக்கலாமா? பல் உள்ளே தங்கி, புண் ஆறவே ஆறாது. உப்பு வைத்தால் தானாகச் சுருண்டு விழும். எங்கள் லயத்தில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். டிவி முன்னால் உட்கார்ந்து நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்ப்பேன்.

இப்படி இருக்கையில்தான் செல்வத்துக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெண் அமைந்தது. பெயர் சுகன்யா. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் எங்கள் ஊரைக் கேட்டதுமே நழுவிவிட்டன. குளிர், யானை, அட்டை. மகனுக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போனில் பெண்ணின் அம்மா முதலில் கேட்டதே அட்டையைப் பற்றித்தான்.

"அங்க அட்டை இருக்குமாமுங்களே தம்பி?"

"அதெல்லாம் அந்தக் காலத்துலங்க. இப்ப மருந்துக்குக்கூடக் கிடையாது" என்றான் மகன். (அப்போது அவன் கால் விரலிடுக்கில் ஒன்று நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது.)

பெண் பார்க்கப் புறப்படும்போது எனக்கு உத்தரவு போட்டான். "எம்மா, அங்க வந்து யானையப் பத்திப் பேசாத. அட்டையப் பத்திப் பேசவே பேசாத."

"நான் என்னைக்குடா பேசியிருக்கேன்?"

"அப்பிடியே இரு, அது போதும்."

மழைக்காலம். ஜீப் நிற்கிற இடம் வரை தேயிலைக்குள் இறங்கி நடக்க வேண்டும். பழக்கத்தில், உப்பும் புகையிலைத் தூளும் கலந்து கட்டிய துணி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டேன். வேலையை விட்டாலும் முடிச்சு என்னை விடவில்லை.

பெண் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் வாயைத் திறக்காததால் "தங்கமானவங்க" என்று பெயர்கூட எடுத்தேன். பையனும் பெண்ணும் நாலு வார்த்தை பேசட்டும், ஆனால் தனியாக விட முடியாது என்று எல்லோருமாகப் பாலக்காட்டுக்கு மத்தியானக் காட்சி பார்க்கப் போனோம். குடும்பப் படத்துக்கு டிக்கெட் இல்லை. பக்கத்தில் ஓடிய தமிழ் பேசும் காட்டேரிப் படத்துக்குத்தான் கிடைத்தது.

"ஏனுங்க, பேய்ப் படமாமுங்க. உங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"பரவால்லீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே எனக்குத் தவில் அடித்துக்கொண்டிருந்தது.

ஓரத்தில் செல்வமும் சுகன்யாவும், அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, அவர் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுச் சுவர் அளவுக்குத் திரை. அதற்குள் ஆளுயரப் பற்கள்! கறுப்புக் கோட்டுக்காரி தனியாக நின்று எத்தனை பேரை வெட்டினாள் தெரியுமா? நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு காட்டேரி பாய்ந்து அவள் கழுத்தைக் கவ்வியது. அவளோடு வந்த தடியன் ஒருவன் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

எழுந்து நின்றேன்.

"எய்யா, இழுக்காதய்யா! பல்லு உள்ள தங்கிரும்! உப்ப வையி, உப்ப!"

(கத்தினேன் என்கிறார்கள். கத்தவில்லை. சொன்னேன். தியேட்டரில் எதிரொலி அதிகம்.)

அந்தத் தடியன் கேட்டானா? மேலும் இழுத்தான். என் கை தானாக இடுப்புக்குப் போனது. முடிச்சு தானாகப் பறந்தது. திரை வரை போகும் என்று நினைத்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலையில் விழுந்து அவிழ்ந்துவிட்டது. புகையிலைத் தூளை ஏசிக் காற்று நியாயமாக எல்லோருக்கும் பங்கு வைத்தது. வழுக்கைத் தலைக்காரர் தும்மினார். அவர் மனைவி தும்மினாள். சம்பந்தி தும்மிய தும்மலில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று எங்கோ போய்விட்டது. டார்ச் அடித்துக்கொண்டு தியேட்டர்க்காரன் வந்தான்.

"எந்தா அம்மே இது?"

"அட்டைக்கு வச்சிருந்ததுப்பா" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

சம்பந்தியம்மா மெல்லத் திரும்பி என் மகனைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, மருந்துக்குக்கூட இல்லீன்னு சொன்னீங்க?"

டார்ச் வெளிச்சத்தில் செல்வத்தின் முகத்தைப் பார்த்தேன். காட்டேரி அவனைத்தான் கடித்துவிட்டுப் போனதுபோல வெளுத்திருந்தது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். (பெருக்கிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.) படியில் நின்று மகன் பல்லைக் கடித்தான். "முடிச்சுட்டயேம்மா. மொத்தமா முடிச்சுட்ட."

"நானாடா? இல்லாத ஊரக் காட்டிப் பொண்ணு கேட்டது நீயி!" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொது இடத்தில் குரலை உயர்த்தினேன்.

சம்பந்தியம்மா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கெளம்பலாம் வாங்க" என்று கணவரை இழுத்தார். அவரோ இன்னும் தும்மிக்கொண்டிருந்தார்.

சுகன்யா என் பக்கத்தில் வந்தாள். "அத்தை, அட்டை கடிச்சா வலிக்குமுங்களா?"

"வலிக்காது தாயி. கடிக்கிறதே தெரியாது. விழுந்த பொறவுதான் அரிக்கும். கையில உப்பு இருந்தா பயமில்ல."

"யானை வருமுங்களா?"

மகன் கண்ணாலேயே கெஞ்சினான். இனி என்ன ஆக வேண்டும்?

"வரும். லயத்துக்குப் பின்னாடி வாழையத் தின்னுட்டுப் போகும். அதுக்கு உப்பு வேலைக்காவாது."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தாயிடம் திரும்பினாள். "அம்மா, இதுவரைக்கும் என்னைப் பாக்க வந்த ஊட்டுக்காரங்க ஒருத்தராச்சும் உள்ளதைச் சொல்லியிருக்காங்களா? இவங்க பொய் சொல்லச் சொன்னாக்கூடச் சொல்லமாட்டாங்க. நான் இந்த ஊட்டுக்கே போறனுங்க."

"அம்மிணி, அட்டைடீ!" என்றார் சம்பந்தியம்மா.

"உப்பு இருக்குதுல்லம்மா."

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வழக்கப்படி, கல்யாணத் துணி எடுக்கிற அன்றைக்கு முதலில் உப்பு வாங்க வேண்டும். மங்கலமாம். வாங்கினோம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடி நிற்கையில் சம்பந்தியம்மா உப்புப் பொட்டலத்தை என் கையில் வைத்து, "புடிங்க சம்பந்தி. கல்யாணத்துக்குக் கொஞ்சம் போதுமுங்க. மீதிய சினிமாவுக்கு வெச்சுக்குங்க" என்றார். கடைக்காரன் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது மத்தியானத்தில் மருமகளும் நானும் சத்தத்தைக் குறைக்காமலே பார்க்கிறோம். ஜீப் சத்தம் கேட்டாலும் மாற்றுவதில்லை. செல்வம் வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் வைக்கிறான். விருந்தாளி யார் வந்தாலும் அது ஏன் என்று விளக்கிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். துப்பாக்கி, கத்தி, வெள்ளிக் குண்டு என்று இத்தனை படம் எடுக்கிறார்களே, ஒரு படத்திலாவது, ஒரே ஒருத்தனாவது, உப்பு வைத்துப் பார்த்தானா?