ரூட்டருக்குப் புது மூளை

"கரண்ட்ட ஆஃப் பண்ணக் கூடாதுன்னு ஸ்கிரீன்லயே போட்டிருக்கே. ஏன் ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டாள் ஜெயலக்ஷ்மி.

டிவி மேசைக்குப் பின்னால் தலையை விட்டிருந்த சம்பத்குமார், சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவர் லைன் சூப்பர்வைசர். அங்கே சிவப்பு விளக்கு சிமிட்டினால் உடனே லைனை நிறுத்த வேண்டும். நின்று யோசிப்பவன் சூப்பர்வைசரே இல்லை என்று புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பெடுப்பவரும் அவர்தான். அப்டேட் பாதியில் ரூட்டர் சிவப்பாகச் சிமிட்டியது. விரல் தன் கடமையைச் செய்துவிட்டது.

காலையில்தான் வீட்டுக்கே விளக்கியிருந்தார். "ஃபர்ம்வேர்ங்கறது பெட்டியோட மூளை. பதினோரு மணிக்கு ப்ரீதிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பழைய மூளைய வெச்சுகிட்டு இன்டர்வியூ குடுக்கலாமா?"

இப்போது சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. அப்படியே நின்றது.

"பாதி மூளைல நிறுத்திட்டீங்க போல," என்றாள் ஜெயலக்ஷ்மி.

"ரீசெட் பண்ணா சரியாயிடும். ஒரு ஊக்கு குடு."

தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பெட்டியின் ஓட்டையில் விட்டு அழுத்தினார். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் போயின; சிவப்பு விளக்கு மட்டும் போகவில்லை. உள்ளே தூசி அடைத்திருக்கும் என்று பெட்டியைத் திருப்பினார். பின்னாலிருந்த மெல்லிய ஃபைபர் கேபிள் மளுக்கென்று ஒடிந்தது.

படிக்கட்டுக்குப் போய் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. "நாளைக்குத்தான் ஆள் வருவாங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. ப்ரீதியின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து வந்த முதல் இன்டர்வியூ அழைப்பு இது. அவர் கதவில் வாய் வைத்துப் பேசினார்.

"ப்ரீதி... அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா."

கதவை மெல்லத் தட்டினார்.

"ரெண்டு வார்த்த திட்டிடும்மா. பேசாம இருக்காத."

சமையலறையிலிருந்து ஜெயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். "அவளைப் பத்திக் கவலைப்படாதீங்க. மொதல்ல என் ஊக்கைக் குடுங்க."

குத்திக் காட்டுகிறாள் என்று அவருக்குக் காது சிவந்தது.

மிச்சமிருந்தது எதிர்வீடு மட்டும். எதிர்வீட்டு பாபு அவர் லைனிலேயே வேலை பார்ப்பவன். போன வாரம் அவனைத்தான் எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்து, "வூட்ல ஒரு மிக்ஸிய ரிப்பேர் பண்ணத் தெரியாதவன் மெஷின்ல எப்பிடிக் கை வைப்ப?" என்று கேட்டிருந்தார். அவன் வீட்டு வாசலில் போய் வைஃபைக்குக் கையேந்த வேண்டும். சட்டைப் பட்டனைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்து, பெல்லை அழுத்தினார்.

பாபுவின் அம்மா கோவிந்தம்மா கரண்டியோடு வந்தாள்.

"ஒரு பத்து நிமிசத்துக்கு..." கை மறுபடி சட்டைப் பட்டனுக்குப் போனது. "உங்க வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமா? பொண்ணோட வாழ்க்கைய நானே கெடுத்துட்டேம்மா."

கோவிந்தம்மா கரண்டியை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள்.

"மெதுவா பேசுங்க சார். காலைல நீங்க அந்தப் பொட்டில கை வெச்சவொடனே உங்க வூட்டம்மா பொண்ண லேப்டாப்போட இங்க அனுப்பிட்டாங்க, உள்ள இன்டர்வியூ நடந்துகினு கீது."