பூபதிராஜா தொட்டுச் சொன்ன ஆயில்

"உள்ள என்ன ஆயிலுங் மாப்ள கெடக்குது?"

மச்சான் தங்கதுரை இரண்டாவது முறையாகக் கேட்டுவிட்டார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியைப் பிடித்தபடி பூபதிராஜா பானெட்டுக்குள் குனிந்தே நின்றான். நிமிர்ந்தால் பதில் சொல்ல வேண்டும்.

பழைய கார் வாங்கிய நாளிலிருந்து, "ஒவ்வொரு நட்டா பாத்துத்தானுங் வாங்குனேன்" என்று மாமனார் வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தான். விற்றவரிடம் கேட்க மறந்தது இந்த ஆயில் விஷயத்தைத்தான். அந்த மனிதரோ துபாய்க்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. ஆயில் குறைந்திருப்பது மட்டும் கம்பியில் பளிச்சென்று தெரிந்தது.

வாசலில் மாமனார் வீட்டுச் சனம் மொத்தமும் நின்றது. பூபதி கம்பி நுனியைத் தொட்டான். இரண்டு விரலால் தேய்த்தான். மோந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"செமி சிந்தெடிக்கு."

வரும் வழியில் பெட்ரோல் பங்க் பலகையில் படித்த பெயர் அது.

"தொட்டே சொல்லிப்போட்டீங்களே!" தங்கதுரை வாயைப் பிளந்தார்.

சும்மா சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். பூபதி கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் பழக்கந்தானுங்" என்றான்.

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில், மலையாளி ஜோபியின் ஆயில் கடைக்குப் போய் இறங்கியதும் தங்கதுரை சத்தமாக அறிவித்தார். "ஜோபி, எங்க மாப்ள வெரல்ல தொட்டே ஆயில் பேரு சொல்லுவாரு! செமி சிந்தெடிக்கு ஊத்து!"

ஜோபி பூபதியை மேலும் கீழும் பார்த்தான். "ஓ, அப்படியா சேட்டா? தராமே" என்று அளவுக்குவளையோடு கடையின் பின்பக்கம் போனான்.

அந்தப் பார்வையிலேயே பூபதிக்குக் காது சூடேறியது.

மறுநாள், சேதி கேள்விப்பட்ட உள்ளூர்க்காரர் குப்பண்ணன் தன் பழைய ஜீப்போடு வந்து நின்றார். "தம்பி, இதையும் சித்தெ தொட்டுப் பாருங். வாங்குனதுலருந்து என்ன ஆயில்னே தெரியில."

"இன்ஜின் ஆறிக் கெடக்குதுங்களே, சூடா இருந்தாத்தான் தெரியுமுங்" என்று பூபதி நழுவப் பார்த்தான்.

குப்பண்ணன் மீனாட்சிபுரம் வரை ஒரு ஓட்டு ஓட்டி, புகையப் புகையத் திரும்பி வந்தார்.

"அது… காப்பி குடிச்சுப்போட்டனுங். வெறும் வயித்துலதான் வெரலுக்கு உணர்ச்சி இருக்கும்."

"அவ்வளவுதானுங்? காத்தால வாரேன்."

காலையில் கதவைத் திறந்தால் குப்பண்ணன் மட்டுமல்ல, அவர் சொல்லி வந்தவர்களும் நின்றார்கள். வாசலிலிருந்து வாய்க்கால் பாலம் வரை வண்டிகள். பூபதிக்குத் தெரிந்த ஆயில் பெயர்கள் மூன்றுதான். ஜீப்புக்கு மினரல் என்றான். பளபளப்பான காருக்கு ஃபுல் சிந்தெடிக் என்றான். மற்றதற்கெல்லாம் செமி. எல்லோரும் கும்பிட்டுவிட்டு ஜோபி கடைக்குப் போனார்கள்.

ஆறிய காப்பியோடு நின்ற மனைவி யோகப்பிரியா கேட்டாள். "ஏனுங், உங்களுக்கு நெசமாலுமே தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"தொட்டெல்லாம் கண்டுபுடிக்க முடியாதுன்னு போன்ல போட்டிருக்குதுங். பழைய வண்டி வாங்குனா, இருக்கற ஆயில எறக்கிப்போட்டு, வண்டிகூட வந்த புத்தகத்துல சொன்னத ஊத்தோணுமாம். அவ்வளவுதானாம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பூபதி காப்பியை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் குடித்தான். அன்றிலிருந்து கடைவீதியில் யாராவது கைகாட்டினால் சந்துக்குள் திரும்பிவிடுவான். போகும் வண்டியில் சிறு சத்தம் கேட்டாலும், நம்மால்தானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஆனாலும் காலைக் கூட்டம் குறையவில்லை. ஒருநாள் மயிலாத்தாள் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நகையை விற்றுப் புதிதாக ஒரு பழைய வேன் வாங்கியிருந்தாள். அவளே பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி, பூபதி விரல் துடைக்க வெளுத்த துணியொன்றை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்களத்தானுங் நம்பி வந்திருக்கறேன். ஊருப் பிள்ளைங்க அத்தனையும் இதுலதான் போகுது. இன்ஜின் நின்னா என்ற பொழப்பும் நின்னுரும். பாத்துச் சொல்லுங்."

பூபதி விரலை நீட்டினான். விரல் கம்பியைத் தொடவே இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க்கா."

"வெறும் வயித்துலதான இருக்கறீங்?"

"எந்த வயித்துலயும் தெரியாது. மொதல் நாளே பொய்யி. இத்தன நாளும் எல்லாருக்கும் பொய்தான் சொல்லியிருக்கறேன்."

தங்கதுரையும் அன்று வந்திருந்தார். செருப்பு முனையால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். பூபதிக்கு அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

கூட்டத்தில் நின்ற குப்பண்ணன்தான் முதலில் கேட்டார். "அப்ப என்ற ஜீப்புல ஊத்துனது?"

"எறக்கிரோணுமுங். எல்லா வண்டியிலயும் எறக்கிப்போட்டு, புத்தகத்துல இருக்கறத ஊத்தோணும். நானே வந்து ஜோபிகிட்டச் சொல்றேன்."

வண்டிகள் அத்தனையும் கடைவீதிக்குத் திரும்பின. ஊரே பார்க்க, தலையைக் குனிந்தபடி பூபதி முன்னால் நடந்தான். மயிலாத்தாள் மட்டும், "சொன்னீங்களே, அது போதுமுங்" என்று பின்னாலிருந்து சொன்னாள். அதைக் கேட்டதும் இன்னும் கூசியது.

"ஜோபி, நாஞ் சொன்ன பேரெல்லாம் தப்பு. செமி, ஃபுல்லு, மினரல்னு நீ ஊத்துன அத்தனையும் எறக்கிப்போட்டு, ஒவ்வொருத்தருக்கும் சரியானத ஊத்தோணும்."

ஜோபியின் முகம் வெளுத்தது. வெளியே வரிசைகட்டி நின்ற வண்டிகளை எட்டிப் பார்த்தான். பூபதியின் கையைப் பிடித்துக் கடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், காதருகே கிசுகிசுத்தான்.

"சேட்டா, கொஞ்சம் மெல்லப் பேசுங்க… நீங்க என்ன பேரு சொன்னாலும் நான் ஊத்தினது இந்த ஒரே பீப்பா ஆயில்தான்!"